'விழுந்துட்டான்' என்பதை இங்கிலீஷில் சொல்வது எப்படி

2009இல் நான் சிங்கப்பூரில் ஒரு கழிவுநீர்க் குழாய் வேலையில் இருந்தேன். இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டிய நீளமான குழி. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பக்க மண் அப்படியே இறங்கி, உள்ளே குனிந்து குழாய் பொருத்திக்கொண்டிருந்த அறந்தாங்கி அண்ணனை நெஞ்சுவரை மூடிவிட்டது. கையில் போன் வைத்திருந்தவன் நான்தான். சூப்பர்வைசருக்கு அடித்தேன். "பாஸ், ஒன் மேன் ஃபால் டவுன்" என்றேன். "கேன் வாக் ஆர் நாட்?" என்று கேட்டார். "கேனாட்" என்றேன். "ஓகே, லெட் ஹிம் ரெஸ்ட், கிவ் வாட்டர், ஐ கம் லேட்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். யாரோ கால் தவறி விழுந்து, சுளுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் சொன்ன வார்த்தைக்கு அதுதான் பொருள். பங்களாதேஷ் நண்பர் ஒருவர் என் போனைப் பிடுங்கி மறுபடி அடித்து, "சாயில் கம் டவுன்! மேன் இன்சைட்!" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஓடி வந்தார்கள். அண்ணன் பிழைத்தார். இடது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. அந்த இரண்டு போன்களுக்கும் இடையே போன நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது நான் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் விடுதியில், சமையல் முடிந்த பிறகு, புதிதாக வந்த தம்பிகளுக்கு ஒரு மணி நேரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணம் கிடையாது. விழுவது, இடிவது, சரிவது, தாறுமாறாகக் கிடப்பது, இவற்றுக்கான சொற்கள் மட்டும்தான். அங்கே சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்னால் நிற்கும் சொல்லைப் பிடியுங்கள்

முதல் நாள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தை! தமிழ்ல விழுந்துச்சுன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சிடும்." அப்படி இல்லை. நாம் யாருமே வெறுமனே 'விழுந்தான்' என்று சொல்வதில்லை. வழுக்கி விழுந்தான். தடுக்கி விழுந்தான். மயங்கி விழுந்தான். சுவர் இடிந்து விழுந்தது. மரம் சாய்ந்து விழுந்தது. பூச்சு பெயர்ந்து விழுந்தது. கிளை முறிந்து விழுந்தது. கூரை பொத்துக்கொண்டு விழுந்தான். எப்படி விழுந்தது என்பதை 'விழு'வுக்கு முன்னால் நிற்கும் சொல்லில் தமிழ் ஏற்கெனவே சொல்லிவிடுகிறது.

இங்கிலீஷ்காரர் அந்த முன்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் 'விழுந்தான்' என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார். வழுக்கி விழுந்தான் என்றால் ஸ்லிப். தடுக்கி விழுந்தான் என்றால் ட்ரிப். நாம் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. முன்சொல்லை விட்டுவிட்டு, 'விழுந்தான்' என்பதை மட்டும் மொழிபெயர்த்து 'ஃபால் டவுன்' என்கிறோம். முக்கியமான பாதி வாயிலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே, போனை எடுப்பதற்கு முன்னால், நடந்ததை ஊரில் அம்மாவிடம் சொல்வதுபோல மனதுக்குள் முழுத் தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள். 'விழுந்தான்' என்பதற்கு முன்னால் என்ன சொல் வந்தது? அதற்கு இங்கிலீஷில் என்ன? அதைச் சொல்லுங்கள். ஒரு நொடி வேலைதான் இது.

ஆள் விழுந்தால்

வழுக்கியதற்கு ஸ்லிப். ஈரம், எண்ணெய், சேறு, பாசி என்று தரை காலைப் பிடிக்காமல் விட்டதால் விழுந்தது. உச்சரிப்பைக் கவனியுங்கள்: 'லி' குறில். நீட்டி 'ஸ்லீப்' என்றால் தூங்கினான் என்று ஆகிவிடும். "ஹி ஸ்லீப் ஆன் தி ஃப்ளோர்" என்று ஒரு தம்பி வாக்கிடாக்கியில் சொல்லி, மேலே இருந்தவர் வேலை நேரத்தில் தூங்குகிறான் என்று கோபப்பட்ட கதை எங்கள் சைட்டிலேயே நடந்தது. குறிலும் நெடிலும் நம் காதுக்குப் பிறவியிலேயே பழக்கம். இ, ஈ என்று சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னால் தவறவே தவறாது.

தடுக்கியதற்கு ட்ரிப். கேபிள், கம்பி, பலகை நுனி என்று ஏதோ ஒன்று காலில் மாட்டியதால் விழுந்தது. ஆனால் சைட்டில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. மின்சாரம் துண்டித்துக்கொண்டாலும் ட்ரிப், லாரி ஒரு நடை போய் வந்தாலும் ட்ரிப். அதனால் தனியாகச் சொல்லாமல், "ஹி ட்ரிப்ட் ஓவர் எ கேபிள்" என்று தடுக்கிய பொருளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்ததுதான் இந்தப் பகுதியில் உயிர் தொடர்பானது. மயங்கி விழுந்தவரை 'ஃபால் டவுன்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அதற்குச் சொல் கொலாப்ஸ். நின்றுகொண்டிருந்தவர், எதுவும் தடுக்காமல், யாரும் தள்ளாமல், உடம்பு விட்டுப்போய்ச் சரிந்தால் "ஹி கொலாப்ஸ்ட்". இதைக் கேட்டதும் மறுமுனையில் இருப்பவர் மனதில் இதயம், வெயில், சர்க்கரை என்று ஓடும். மூச்சு இருக்கிறதா என்று கேட்பார். நெஞ்சை அழுத்தச் சொல்வார். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியை எடுத்துவரச் சொல்வார். அதுவே உயரத்திலிருந்து விழுந்தவர் என்றால் முதலில் கழுத்தும் முதுகும்தான் கவலை, ஆளை அசைக்க வேண்டாம் என்பார். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. தவறான சொல்லைச் சொன்னால் தவறான உதவி வரும்.

லேசான மயக்கம் வந்து கொஞ்ச நேரத்தில் கண் விழித்துவிட்டால் ஃபெயின்ட் என்ற சொல் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. அவசரத்தில் ஃப நம் வாயில் ப ஆகிவிடும். பெயின்ட் டப்பாக்கள் சுற்றியிருக்கும் சைட்டில் "ஹி பெயின்ட்" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கொலாப்ஸ் என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. அதையே சொல்லுங்கள்.

இன்னொரு பொதுவான தடுமாற்றம், ஃபெல் என்பதை ஃபெல்ட் என்று சொல்வது. "ஹி ஃபெல்ட் ஃப்ரம் தி லேடர்." மற்ற வினைகளுக்கெல்லாம் கடைசியில் ட் வருகிறதே என்று இதற்கும் சேர்த்துவிடுகிறோம். ஃபெல்ட் என்றால் உணர்ந்தான். விழுந்தானுக்கு ஃபெல் மட்டும்தான், பின்னால் ஒன்றும் கிடையாது.

உயரத்திலிருந்து விழுந்தால் முன்சொல் தேவையில்லை. அங்கே பின்னால் வரும் குட்டிச் சொல்தான் முக்கியம். தமிழில் 'லிருந்து', 'க்குள்' என்று பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் உருபுகளின் வேலையை இங்கிலீஷில் தனியாக நிற்கும் இந்தச் சொற்கள் செய்கின்றன. ஏணியின் மேலிருந்து என்றால் ஃபெல் ஆஃப். மூன்றாம் மாடியிலிருந்து என்றால் ஃபெல் ஃப்ரம். குழிக்குள் என்றால் ஃபெல் இன்டூ. படியில் உருண்டு விழுந்தால் ஃபெல் டவுன் தி ஸ்டேர்ஸ். 'டவுன்' என்ற சொல்லுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஃபெல் த்ரூ. கூரைத் தகட்டையோ, போலிக் கூரையையோ, பலகை மூடிய ஓட்டையையோ பொத்துக்கொண்டு கீழே போவது. 'பொத்துக்கொண்டு' என்ற நம் சொல்லுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இங்கிலீஷ் வேறு இல்லை. "ஹி ஃபெல் த்ரூ தி சீலிங்" என்றால், எந்த மாடியில் தேட வேண்டும் என்பதுகூட கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆள் இருப்பது ஒரு தளம் கீழே.

எத்தனை மீட்டர் என்று கண்ணளவாகவாவது சேர்த்துச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். அதனால் அந்த எண்ணுக்கு எல்லோரும் காது கொடுப்பார்கள். மனிதவள அமைச்சு வெளியிடும் விபத்துக் கணக்குகளிலும் உயரத்திலிருந்து விழுவது ஒரு பிரிவு, வழுக்கியும் தடுக்கியும் விழுவது வேறு பிரிவு, கட்டமைப்பும் இயந்திரமும் சரிவது இன்னொரு பிரிவு. நாம் மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

விழுந்த பிறகு ஆள் எப்படி இருக்கிறார் என்பதற்கு மூன்றே சொற்கள் போதும். மாட்டிக்கொண்டார் என்றால் ட்ராப்ட் (trapped). புதைந்துவிட்டார் என்றால் பெரீட். பாதுகாப்பு வாரில் தொங்குகிறார் என்றால் ஹேங்கிங். கடைசிச் சொல்லைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். வார் பிடித்துவிட்டதே என்று நிம்மதியடையக் கூடாது. அசைவில்லாமல் தொங்குபவருக்கு ரத்தம் காலிலேயே தேங்கும். சீக்கிரம் இறக்கியாக வேண்டும்.

பொருள் விழுந்தால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையிலிருந்து நழுவியது என்றால் ட்ராப் (drop). தானாக விழுந்தது என்றால் ஃபால். "ஐ ஃபால் தி ஸ்பேனர்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். விழுதல் வேறு, விழவிடுதல் வேறு என்பது தமிழில் நமக்குத் தெரிந்ததுதான். "ஐ ட்ராப்ட் தி ஸ்பேனர்", "தி ஸ்பேனர் ஃபெல்." உயரமாக நிற்பது சாய்ந்து விழுந்தால் டாப்பிள். வண்டியோ எக்ஸ்கவேட்டரோ கவிழ்ந்தால் ஓவர்டர்ன். கயிறோ கிளையோ பட்டென்று அறுந்தாலும் முறிந்தாலும் ஸ்னாப். பெருமழைக் காற்றில் மரம் வேரோடு சாய்ந்தால் அப்ரூட்டட். மரம் நடுவில் முறிந்ததா வேரோடு பெயர்ந்ததா என்று சொன்னால், வெட்ட வருபவர் அதற்கேற்ற கருவியோடு வருவார்.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இரண்டு சொற்கள். குளியலறைக் கூரையில் சிமென்ட் பெயர்ந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அதற்கு ஸ்பாலிங் கான்கிரீட் என்று பெயர். நகர மன்றத்திலோ வீவக கிளையிலோ இந்தச் சொல்லைச் சொன்னால் நீளமாக விளக்க வேண்டியதே இல்லை. மேல் மாடியிலிருந்து யாராவது பொருளை வீசினால் இந்த ஊரில் அதைக் கில்லர் லிட்டர் என்பார்கள். அங்கே 'ஃபெல்' என்று சொல்லிவிடாதீர்கள். விழுந்தது வேறு, வீசியது வேறு. வீசியது குற்றம்.

கட்டடமும் மண்ணும்

இடிந்து விழுந்ததற்கும் கொலாப்ஸ்தான். ஆளுக்கும் கட்டடத்துக்கும் ஒரே சொல் வருவது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றும். இரண்டிலும் உள்ளிருந்து தாங்கிய ஒன்று விட்டுப்போகிறது.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் நடந்தால் ஓவன் ரோடு சந்திப்பு வரும். 1986 மார்ச் 15 அன்று அங்கே இருந்த ஆறு மாடி ஹோட்டல் நியூ வேர்ல்டு ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்க வேலையில் இருந்தவர்கள் வந்து இடிபாடுகளுக்குள் சுரங்கம் தோண்டி உதவினார்கள். கட்டடம் தன் எடையையே தான் தாங்க வேண்டும் என்பதை வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. புதிதாக வந்தவர்களை அந்தச் சந்திப்பில் நிறுத்தி, கொலாப்ஸ் என்றால் என்ன என்று சொல்வேன். அந்தச் சொல்லை அவர்கள் மறப்பதில்லை.

மண்ணுக்குச் சொல் கேவ் இன் (cave in). 2009இல் நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுதான். "தி ட்ரெஞ்ச் கேவ்ட் இன். ஒன் மேன் பெரீட்." இவ்வளவுதான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஒரு காரின் எடை. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் எந்த மேற்பார்வையாளரும் தண்ணீர் கொடு என்று சொல்ல மாட்டார். சாலைக்கு நடுவில் திடீரென்று வாய் பிளந்த பள்ளத்துக்கு சிங்க்ஹோல் என்று பெயர். 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலையில் அப்படி ஒரு பள்ளத்துக்குள் கார் ஒன்று போனது. பக்கத்து வேலையிடத்தில் இருந்த ஏழு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கயிறு போட்டு, ஓட்டி வந்த பெண்மணியை மேலே இழுத்தார்கள். நம் ஆட்கள் செய்த காரியம் என்று விடுதியில் அன்றைக்கு எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. மறுநாள் இங்கிலீஷ் செய்தியை எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். 'இன்டூ' எங்கே வருகிறது என்று தம்பிகளைக் கோடு போடச் சொன்னேன்.

தாங்கிக்கொண்டிருந்த ஒன்று மட்டும் விட்டுப்போனால் கிவ் வே. சாலையோரம் முக்கோணப் பலகையில் வழிவிடு என்று இருக்குமே, அதே இரண்டு சொல்தான். பாரத்துக்கு வழிவிட்டுவிட்டது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 14 அதிகாலையில் அப்பர் சாங்கி பக்கம் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தில், உத்தரத்தைத் தாங்கும் கான்கிரீட் தாங்கிகள் விட்டுப்போய் ஒரு தொழிலாளி இறந்தார், பத்துப் பேர் காயமடைந்தார்கள். பாலம் கொலாப்ஸ்ட், தாங்கி கேவ் வே (gave way, கிவ் என்பதன் இறந்த காலம்). எது முதலில் விட்டது, எது பிறகு விழுந்தது என்று பிரித்துச் சொல்ல இந்த இரண்டு சொற்களும் வேண்டும்.

விழுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை

மேலே சொன்ன எல்லாமே நடந்த பிறகு சொல்வதற்கானவை. வகுப்பில் நான் அதிக நேரம் எடுப்பது இந்தப் பகுதிக்குத்தான்.

எந்தப் பொருளும் விழுவதற்கு முன்னால் ஏதாவது காட்டும். அதைப் பார்ப்பவர் பொறியாளர் அல்ல, பக்கத்தில் நிற்கும் நாம்தான். ஆனால் சொல் தெரியாததால், "பாஸ், நாட் குட்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறோம். நாட் குட் என்றால் யாருக்கு என்ன தெரியும்?

ஆடுகிறது என்றால் ஷேக்கிங். கழன்றிருக்கிறது என்றால் லூஸ். விரிசல் விட்டிருக்கிறது என்றால் க்ராக். சாய்கிறது என்றால் லீனிங். நடுவில் தொய்கிறது என்றால் சாகிங். கான்கிரீட் ஊற்றும்போது அடிப்பலகையில் பார்ப்போமே, அது. பக்கவாட்டில் புடைக்கிறது என்றால் பல்ஜிங். ஒரு கன மீட்டர் ஈரக் கான்கிரீட் 2.4 டன் வரும். பலகை புடைப்பதைப் பார்த்தவுடன் ஊற்றுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். தரை இறங்குகிறது என்றால் சிங்கிங் (sinking). இரும்பு அழுத்தம் தாங்காமல் மடங்கி வளைகிறது என்றால் பக்கிள்.

பக்கிள் என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. 2004 ஏப்ரல் 20. வட்ட ரயில் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் 30 மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கச் சுவர்கள் உள்ளே வந்துவிடாமல் குறுக்கே இரும்பு உத்தரங்கள் முட்டுக் கொடுத்திருந்தன. அன்று காலையிலேயே சத்தம் கேட்டது. உத்தரம் சுவரோடு சேரும் இணைப்புகளில் இரும்பு மடங்கியிருந்தது. பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் எல்லாம் சரிந்து, நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உள்ளே போனது. நான்கு பேர் இறந்தார்கள். காலையில் பக்கிள், மாலையில் கொலாப்ஸ். நடுவில் சில மணி நேரம் இருந்தது. இந்த ஒரு சொல்லை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் கெஞ்சிக் கேட்கிறேன். "தி ஸ்டீல் இஸ் பக்ளிங்" என்று சொன்னால் எவரும் அப்புறம் பார்க்கலாம் என்று நகர முடியாது.

போன வருடம் எங்கள் வகுப்பில் இருந்த பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவன், வேலையில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, வாக்கிடாக்கியில் "ஸ்கஃபோல்ட் லீனிங், பிளாக் சி, லீனிங்" என்று இரண்டு தடவை சொன்னான். இலக்கணம் ஒன்றும் இல்லை. மேலே இருந்தவர்களை இறக்கிப் பார்த்தபோது சாரத்தின் அடிக்கால் ஒன்று மழையில் ஊறிய மண்ணில் இறங்கியிருந்தது. முட்டுக் கொடுத்து, கால் மாற்றி, மறுநாள் வேலை தொடர்ந்தது. விபத்து எதுவும் நடக்காததால் அவனை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. நான் தேக்காவில் அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

'கிடக்குது' என்பதற்கும் இதே வழி

அலங்கோலத்துக்கு இங்கிலீஷ் கேட்டால் எல்லோரும் மெஸ்ஸி என்பார்கள். தப்பில்லை, ஆனால் இது 'ஃபால் டவுன்' மாதிரியேதான், பாதி வார்த்தை. தமிழில் நாம் எப்படிச் சொல்வோம்? சிதறிக் கிடக்குது, குவிந்து கிடக்குது, சிக்கிக் கிடக்குது, கொட்டிக் கிடக்குது, அடைத்துக் கிடக்குது. இங்கேயும் 'கிடக்குது' என்பதை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைப் பிடியுங்கள். ஆணி சிதறிக் கிடந்தால் ஸ்கேட்டர்ட். பலகை குவிந்து கிடந்தால் பைல்ட் அப். கேபிள் சிக்கிக் கிடந்தால் டாங்கிள்ட். எண்ணெய் கொட்டிக் கிடந்தால் ஸ்பில்ட். வழி அடைத்துக் கிடந்தால் பிளாக்ட். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. கூட்டுவது, அடுக்குவது, பிரிப்பது, துடைப்பது, நகர்த்துவது. மெஸ்ஸி என்று மட்டும் கேட்டு வருபவர் எதைக் கொண்டு வருவார்?

இவை எல்லாவற்றையும் சேர்த்து சைட்டில் ஹவுஸ்கீப்பிங் என்பார்கள். வீட்டு வேலை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். வேலையிடத்தை ஒழுங்காக வைத்திருப்பதுதான் அது. வீவக தாழ்வாரத்தில் செருப்பு அலமாரியும் சைக்கிளும் பூந்தொட்டியுமாக அடைந்து கிடந்தால் க்ளட்டர். தீ விபத்தின்போது வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. எங்கள் விடுதி அறையிலும் கட்டில்களுக்கு நடுவில் அந்த அளவு வைத்துப் பார்த்தோம். பெட்டிகளை நகர்த்த வேண்டியிருந்தது.

ஆட்கள் கூடிக் குழம்பினால் பானிக், கமோஷன் போதும். ரயட் என்ற சொல்லை விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். அது சட்டத்தில் இருக்கும் சொல், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வன்முறையில் இறங்குவது தொடர்பானது. 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு நம் ஆட்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் கேட்பவர் முகம் மாறிவிடும். நியாயமும்தான்.

போனில் எந்த வரிசையில்

ஆம்புலன்சுக்கும் தீக்கும் 995. முதலில் இடம், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு தெரிந்தால் அது, எந்த வாசல் என்பது. பேச்சு பாதியில் அறுந்தாலும் வண்டி வந்துவிடும். இரண்டாவது அந்த முன்சொல். மூன்றாவது ஆள் எப்படி இருக்கிறார், எத்தனை பேர். "கேட் டூ. ட்ரெஞ்ச் கேவ்ட் இன். டூ மென். ஒன் பெரீட், ஒன் ஓகே." இதில் முழு வாக்கியம் எதுவும் இல்லை. இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று யோசித்து நிற்காதீர்கள். இந்த ஊரில் எல்லோருமே சுருக்கமாகத்தான் பேசுகிறார்கள், உங்களை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு யெஸ், நோ சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

பழகுவதற்கு லாரியில் போகும் நேரம் போதும். வழியில் பார்ப்பதையெல்லாம் மெல்ல வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்த தற்காலிக வேலி, லீனிங். குவிந்த இலைகள், பைல்ட் அப். மூன்று வாரத்தில் சொற்கள் நாக்கிலேயே நிற்கும். மனதுக்குள் சொன்னால் நிற்காது, வாய் அசைய வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

விபத்துக்குப் பிறகு ஒரு தாள் வரும். நீங்கள் சொன்னதை யாரோ இங்கிலீஷில் எழுதி, வாசித்துக்காட்டி, கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் விரல் வைத்துத் தேடுங்கள். கேபிள் தடுக்கி விழுந்தவருக்கு ஸ்லிப் என்று எழுதியிருக்கிறதா? கேபிள் அந்தத் தாளிலிருந்தே காணாமல் போய்விடும். பலகை விட்டுப்போய் விழுந்தவருக்கு லாஸ்ட் பேலன்ஸ் என்று எழுதியிருக்கிறதா? அது தன் தவறால் தடுமாறினார் என்றாகும். மேலிருந்து குழாய் தானாக விழுந்திருக்க, ட்ராப்ட் என்று எழுதியிருக்கிறதா? அது யாரோ ஒருவர் கையிலிருந்து என்றாகும். எழுதியவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நாம் 'ஃபால் டவுன்' என்று சொன்னதால்தான் அவர் தமக்குத் தோன்றியதை எழுதுகிறார்.

அப்படி இருந்தால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "சார், நாட் ஸ்லிப். ட்ரிப். ஓவர் கேபிள்." சொல்லிவிட்டுப் பேனாவை மேசையிலேயே வையுங்கள். அவர் அடித்து மாற்றி எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்த பிறகு எடுத்துக் கையெழுத்துப் போடுங்கள்.